லேசான தோட்டாக்கள்

1

நாங்கள் ஹூஸ்டனில் வந்து இறங்கிய நாளை என் மனைவி கவிதா மறக்கமாட்டாள். வருடாவருடம் அன்றைக்குப் பாயசம் வைப்பாள். நான் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வருவேன். மகள் தாரிணி, "இதென்ன, நம்ம வீட்டு சுதந்திர தினமா?" என்று கேலி செய்துகொண்டே இரண்டு கிண்ணம் சாப்பிடுவாள். இந்த வருடம் அந்த நாளில் பாயசம் அடுப்பின் மேலேயே ஆறிக் கிடந்தது. நானும் தாரிணியும் ஒரு துப்பாக்கிக் கடையில் உட்கார்ந்திருந்தோம்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் பதற வேண்டாம். தாரிணிக்குப் பதினாறு வயது. சுகர் லேண்டில் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் களிமண் தட்டு சுடும் டீம் ஒன்று இருக்கிறது. ஆரஞ்சு நிறத்தில், நம் ஊர்ச் சாஸரைவிடச் சின்னதாக இருக்கும் தட்டுகளை ஒரு மெஷின் ஜோடி ஜோடியாக வானத்தில் வீசும். இரண்டும் கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். தோட்டாவுக்குள் குண்டு இல்லை, கடுகுபோல் ஈய ரவைதான். அவள் தோழி ஒருத்தி விளையாட்டாகக் கூட்டிப்போனாள். போன இடத்தில் இவள் தோழியைவிட நன்றாகச் சுட்டுவிட்டாள். இரண்டு வருடமாக டீமின் பழைய துப்பாக்கியை இரவல் வாங்கிச் சுட்டுக்கொண்டிருந்தாள். அது அவள் கைக்கு நீளம். "இவளுக்கென்று ஒன்று வாங்கிவிடுங்கள். செமி ஆட்டோமேட்டிக் என்றால் தோளில் உதைப்பது குறைவாக இருக்கும்," என்று கோச் ரிக் சொல்லிவிட்டார்.

பதினெட்டு நிரம்பாதவர்களுக்கு விற்கமாட்டார்கள், அப்பாவோ அம்மாவோதான் வாங்க வேண்டும். கடையில் ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள். குற்றம் செய்திருக்கிறாயா, மனநிலை சரியில்லை என்று யாராவது தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்களா, எந்த நாட்டுக் குடிமகன் என்றெல்லாம் கேள்விகள். நான் இன்னும் கிரீன் கார்டுதான். அதன் எண்ணை எழுதி, கார்டையும் டிரைவிங் லைசென்ஸையும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். என் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. இந்த ஊர் ஆபீஸ்களில் என்னை யாரும் செந்தில் என்று கூப்பிட்டதில்லை. கவுன்டரில் இருந்த ஆள் கை தட்டாத குறையாகக் கூவினார்: "மிஸ்டர் மராப்பன்! யுவர் ஷாட்கன் இஸ் ரெடி!"

கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசிவிட்டது. மாரப்பன் என் அப்பா, தாராபுரத்தில் பேங்க் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்த பேங்க் வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு ஒரு காவல்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். தினமும் வணக்கம் சொல்லிப் பழகிய ஆள்தான். இருந்தாலும் அப்பா அவரைக் கடக்கும்போது குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்து, மறுபக்கமாகச் சுற்றித்தான் உள்ளே போவார். எனக்கும் அப்படியே பழக்கம். ஊரில் நான் நேரில் பார்த்த துப்பாக்கி என்று எடுத்தால் அது ஒன்றுதான் என் நினைவில் இருந்தது.

"என்னப்பா, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள் தாரிணி. ஆங்கிலத்தில்தான் கேட்டாள். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் எப்போதும் ஆங்கிலம். அவள் பேசுவதையெல்லாம் நானே தமிழாக்கி எழுதுகிறேன்.

"ஒண்ணுமில்ல அம்மிணி," என்றேன். வீட்டுக்கு வந்து, பூட்டு வைத்த இரும்பு அலமாரியில் துப்பாக்கியை வைத்து, சாவியை என் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் பாயசம்.

2

டென்னிஸ் கதையை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவுக்கு போன் பண்ணுவேன். என் அக்கா சுமதி உடுமலைப்பேட்டையில் இருக்கிறாள். தாரிணி டீமில் சேர்ந்த புதிதில், இந்த நாட்டின் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் எவனோ துப்பாக்கியோடு நுழைந்துவிட்டான். எது என்று சொன்னாலும் உங்களுக்கு நினைவிருக்காது, அவ்வளவு நடக்கிறது. ஊர் டிவியில் நாள் முழுக்க அதே செய்தி. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடுவதற்கு முன்னால் அக்காவே கூப்பிட்டுவிட்டாள்.

"கண்ணு பத்திரமா இருக்காளாடா?"

"அது வேற ஊருக்கா. ரொம்ப தூரம்."

"எந்த ஊரா இருந்தா என்ன, பள்ளிக்கூடந்தானே," என்றவள், பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டாள்: "படிப்பு மட்டுந்தானா, இல்ல ஏதாச்சும் விளையாடறாளா?"

தாரிணி அப்போது சமையலறை மேஜையில் உட்கார்ந்து தன் முதல் மெடலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் போனோடு வாசலுக்கு வந்து சொன்னேன்.

"டென்னிஸ்."

ஏன் டென்னிஸ் என்று எனக்கே தெரியாது. எங்கள் தெருமுனையில் ஒரு கோர்ட் இருக்கிறது, அன்றைக்கு அது கண்ணில் பட்டிருக்கலாம். சொன்னதும் அக்காவின் குரல் தெளிந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் கெடுத்தது. அடுத்த மாதம் தமிழ்ப் பள்ளியில் யாரோ கேட்டார்கள், அங்கேயும் டென்னிஸ் என்றேன். கோயிலில் கேட்டார்கள், டென்னிஸ். சனிக்கிழமை வகுப்புக்கு ஏன் வரவில்லை என்றால் டென்னிஸ் பிராக்டீஸ். கவிதா இரண்டு தடவை எச்சரித்தாள். "நீங்க ஆரம்பிச்சு வெச்சது. நீங்களே முடிச்சு வெச்சிருங்க. என்னைக் கேட்டா நான் உண்மையைத்தான் சொல்லுவேன்." அவளை யாரும் கேட்கவில்லை. மருத்துவமனையில் வார இறுதி ஷிப்ட் பார்க்கிறவளை எந்த விசேஷத்தில் பிடித்து யார் கேட்பது?

எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். ஊரில் இருப்பவர்களுக்கு அமெரிக்கா என்றால் துப்பாக்கி, துப்பாக்கி என்றால் பிணம். அவர்களுக்கு விளக்கி மாளாது. ஆனால் தமிழ்ப் பள்ளியில் இருப்பவர்கள் பக்கத்துத் தெருக்களில் குடியிருக்கிறவர்கள்தானே. அவர்களிடம் ஏன் மறைத்தேன் என்பதற்கு என்னிடம் நியாயம் எதுவும் கிடையாது. எனக்கு வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். மகள் நன்றாகச் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்ல வெட்கம்.

3

துப்பாக்கி வாங்கினால் போதாது, முதலில் அதைப் பழக்க வேண்டும். கோச் அனுப்பியிருந்த மெசேஜைத் தாரிணி காரில் எனக்குப் படித்துக் காட்டினாள். கம்பெனியில் பூசி அனுப்பிய கிரீஸை நன்றாகத் துடைத்துவிட்டு மெல்லிசாக எண்ணெய் போடு. முதல் நாலைந்து பெட்டித் தோட்டா கனமான லோடாக இருக்கட்டும். ஒன்றே அரைக்கால் அவுன்ஸ் ரவை, வேகமும் கூடுதலாக இருக்க வேண்டும். லேசானது வேண்டவே வேண்டாம்.

"ஏன் லேசானது கூடாது? முதல்ல மெதுவாத்தானே பழக்கணும்?" என்றேன். எங்கள் வீட்டில் புது மொபெட் வாங்கியபோது அப்பா இரண்டு மாதம் முப்பதுக்கு மேல் ஓட்டவிடவில்லை. எனக்குத் தெரிந்த சட்டம் அதுதான்.

"இதுல தலைகீழ் அப்பா. ஒரு தோட்டா வெடிக்கிறப்ப வர்ற கேஸ்தான் காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை உள்ளே ஏத்துது. புதுசுல ஸ்பிரிங் எல்லாம் இறுக்கமா இருக்கும். லேசான தோட்டாவுல அவ்வளவு தள்ளு இருக்காது. பாதியில மாட்டிக்கும். கனமானதைச் சுட்டுச் சுட்டு ஸ்பிரிங் தளர்ந்தப்புறம் எதை வேணா போடலாம்."

நான் எண்ணெய்க் கம்பெனியில் குழாய்களின் அழுத்தத்தைக் கணக்குப் போட்டுச் சம்பாதிக்கிறவன். அவள் சொன்னது ஒரே மூச்சில் புரிந்துவிட்டது. பெருமையாகக்கூட இருந்தது.

பெரிய விளையாட்டுச் சாமான் கடை அது. மீன் தூண்டில், கூடாரம், சைக்கிள், ஷூ எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. பின்பக்கத்தில் தோட்டா ஷெல்ஃப் சுவர் நீளத்துக்கு இருந்தது. மளிகைக் கடையில் அரிசி வகை பார்ப்பதுபோல் ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிப் படித்தோம். ஒன்று, ஒன்றே அரைக்கால், முக்காலே அரைக்கால் என்று பின்ன எண்கள். எட்டில் ஒரு பங்கைச் சொல்லும் அரைக்கால் என்ற சொல்லை நான் தமிழில் உச்சரித்தே எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. தாரிணி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். "அரைக்கால். பாதிக் காலா? ஹாஃப் எ லெக்?" இருவரும் சிரித்தோம். கோச் சொன்ன கனமான பெட்டி நாலை நான் கையில் எடுத்தேன். அந்த நிமிடம்வரை அது நல்ல நாள்.

அப்போது பக்கத்து வரிசையிலிருந்து தமிழ்க் குரல் கேட்டது. ரமேஷும் வித்யாவும். தமிழ்ப் பள்ளியை எடுத்து நடத்துகிறவர்கள். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. அவர்கள் பையன் அர்ஜுன் தாரிணியின் கிளாஸ்தான். எங்கள் வீட்டுக்குக் கணக்குப் படிக்க வருவான், தாரிணியின் டீமைப் பற்றி அவன் வீட்டில் பேசியதில்லை போலும்.

என் கை தானாகவே வேலை செய்தது. நாலு பெட்டியையும் ஷெல்ஃபில் கிடைத்த இடத்தில் திணித்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் போனேன். தாரிணி என்னைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.

"அட, செந்தில்! என்ன இந்தப் பக்கம்?" என்றார் ரமேஷ். தோட்டாச் சுவரை ஒரு தடவை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஷூ வாங்க வந்தோம். வழி தப்பி இங்க வந்துட்டோம். எவ்ளோ பெரிய கடை!"

"தாரிணிக்கா?" என்றாள் வித்யா. அவளுக்கு நல்ல மனசு, யாருக்கு எது என்றாலும் முன்னால் நிற்பாள். "டென்னிஸ் எப்படிம்மா போகுது? அப்பா எப்பவும் உன் டென்னிஸ் பத்தித்தான் சொல்லிட்டே இருப்பாரு."

தாரிணி என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் சொல்வது சரியாகக் காதில் விழவில்லை என்றால் புருவத்தை லேசாகத் தூக்குவாளே, அந்தப் பார்வைதான். ஏதோ தவறாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்திருக்கிறாள்.

நான் அவளைப் பார்க்காமல் வித்யாவிடம், "நல்லாப் போகுதுங்க," என்றேன்.

"ஷூ செக்‌ஷன் அந்தக் கோடியில. வாங்க, நான் காட்டறேன். கோர்ட் ஷூன்னா சோல் பார்த்து வாங்கணும், என் கசின் பொண்ணு ஆடறா, எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு நடந்ததை எழுத இப்போதும் கை கூசுகிறது. என் மகளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வித்யா குனிந்து ஒவ்வொரு ஜோடியாக எடுத்துக் கொடுத்தாள். தாரிணி போட்டுப் பார்த்தாள். "நடந்து பாரும்மா. சைடுல நகர்ந்து பாரு, டென்னிஸ்ல சைடு மூவ்மென்ட்தான் ஜாஸ்தி." தாரிணி பக்கவாட்டில் இரண்டு அடி நகர்ந்து காட்டினாள். ரமேஷ் என்னிடம் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஹால் கிடைக்காத கஷ்டத்தைப் பேசிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் வெள்ளை ஷூ ஒன்று முடிவாயிற்று. "சூப்பர். ஜெயிச்சுட்டு வந்து ஆன்ட்டிகிட்ட சொல்லணும், என்ன?" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள் வித்யா.

"நான் காருக்குப் போறேன்," என்றாள் தாரிணி.

நான் தனியாகப் பின்பக்கம் போனேன். ரமேஷும் வித்யாவும் இன்னும் கடைக்குள்ளேதான் இருந்தார்கள். கூடாரம் இருக்கும் பக்கத்தில் அவர்கள் குரல் கேட்டது. எங்கே திணித்தேனோ அந்த நாலு பெட்டி கண்ணில் படவில்லை. கைக்கு எட்டியது எதுவோ, களிமண் தட்டுப் படம் போட்டதாக நாலு எடுத்தேன். மேலே 'லைட்' என்று எழுதியிருந்தது. படிக்காமல் எடுத்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். படித்தேன். தோளுக்கு இதமாக இருக்கும், ஒரு நாளைக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஷூ பெட்டிக்குக் கீழே வைத்து மறைத்தபடி கவுன்டருக்கு நடந்தேன்.

4

அந்தச் சனிக்கிழமை வெறும் பிராக்டீஸ் இல்லை. மாவட்டப் போட்டிக்குப் போகும் ஐந்து பேரை அன்றைக்கு எடுக்கும் புள்ளியை வைத்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அது எனக்குத் தெரியும். கடைக்குப் போன நாளிலிருந்து அவள் என்னிடம் தேவைக்குமேல் பேசவில்லை என்பதால் பெட்டியைக் காட்டி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பைக்குள் போட்டு வைத்துவிட்டேன்.

துப்பாக்கி சுடும் ரேஞ்ச் ஊருக்கு வெளியே, வயல்வெளி நடுவில். அப்பா, அம்மாக்கள் மடக்கு நாற்காலி கொண்டுவந்து பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே இந்திய முகம் நாங்கள் இருவர்தான். தாரிணி காதில் சத்தம் தடுக்கும் மஃப், கண்ணில் கண்ணாடி போட்டுக்கொண்டு தன் இடத்தில் போய் நின்றாள். பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துப் பிரித்தாள். பிரித்ததும் ஒரு கணம் அப்படியே நின்றாள். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. இரண்டு தோட்டாக்களை உள்ளே ஏற்றினாள்.

"புல்!" என்று தட்டை வீசச் சொல்லிக் குரல் கொடுத்தாள்.

இரண்டு தட்டும் பறந்தன. முதல் தட்டு தூளாகிவிட்டது. இரண்டாவதைத் துரத்தி அவள் குழல் திரும்பியது. சத்தம் வரவில்லை. தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தது. காலித் தோட்டா துப்பாக்கியின் பக்கவாட்டுத் திறப்பில் பாதி வெளியே நீட்டியபடி மாட்டிக்கொண்டிருந்தது. அவள் கையால் பிடுங்கி எறிந்தாள். மறுபடியும் ஏற்றினாள். முதல் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. இரண்டு தடவைவரை கோளாறு என்று மன்னித்து மறுபடி தட்டு வீசினார்கள். அதற்குப் பிறகு டீம் விதிப்படி ஒவ்வொரு கோளாறும் தவறவிட்ட தட்டுக் கணக்கு. அவளுக்கு எல்லா முதல் தட்டும் உடைந்தன. இரண்டாவது தட்டுகளில் பாதிக்குமேல் பூமிக்குப் போயின. வரிசையில் பின்னால் நின்ற பையன்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள்.

கோச் ரிக் நடந்து வந்து பெட்டியை எடுத்துப் பார்த்தார். "முக்காலே அரைக்காலா? நான் எழுதி அனுப்பினேனே கண்ணா," என்றார் அவளிடம்.

"ஸாரி கோச். நான் கவனிக்கலை," என்றாள் தாரிணி.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறொரு பிள்ளையின் அப்பா, வேய்ன் என்று பெயர், இதைப் பார்த்துவிட்டுத் தன் வண்டியிலிருந்து இரண்டு பெட்டி கனமான தோட்டா கொண்டுவந்தார். "புதுசா? இதைப் போடச் சொல்லுங்க. முதல்ல நல்லா உதைச்சாத்தான் வேலை செய்யும்," என்றார். நான் அதை வாங்கிக்கொண்டு போய்க் கோச்சிடம் சொன்னேன்: "தவறு என்னுடையது. அவள் சரியாகத்தான் சொன்னாள். நான்தான் மாற்றி வாங்கிவிட்டேன்." கோச் தலையசைத்தார். கனமான தோட்டாவைப் போட்டதும் துப்பாக்கி ஒழுங்காக ஓடியது. கடைசி ஏழு ஜோடியில் ஒரு தட்டுகூட அவளிடமிருந்து தப்பவில்லை. ஆனால் அதற்குள் புள்ளி போய்விட்டிருந்தது. ஐந்து பேரில் அவள் பெயர் இல்லை. ஆறாவதாக, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் போகலாம் என்று போட்டிருந்தார்கள்.

திரும்பும்போது ஃப்ரீவேயில் தாரிணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன் டென்னிஸ், அப்பா?"

"சும்மா... வாயில வந்துருச்சு அம்மிணி."

"எனக்கு டென்னிஸ் வராது. ஸ்கூல்ல பி.இ. கிளாஸ்ல எல்லாரும் சிரிப்பாங்க. பொய்தான் சொல்றீங்கன்னா, எனக்கு நல்லா வர்ற எதையாவது சொல்லியிருக்கலாமே."

அவளுக்கு நன்றாக வருவது எது என்பதைத்தானே நான் மறைத்தேன்.

5

நவராத்திரிக்கு வித்யா வீட்டில் கொலு. சுண்டலுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தாள். தாரிணி வரமாட்டாள் என்று நினைத்தேன். பாவாடை சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு முதல் ஆளாகக் காரில் ஏறிவிட்டாள்.

ஹாலில் பத்து இருபது பேர் இருந்தார்கள். சுண்டல் தட்டை நீட்டும்போது வித்யா கேட்டாள். "ஷூ எப்படிம்மா? கடிக்குதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தாரிணி பதில் சொன்னாள். தமிழில்.

"ரொம்ப நல்லா இருக்கு ஆன்ட்டி. போன சனிக்கிழமை அதப் போட்டுட்டுதான் ஆடினேன். டபுள்ஸ். ஜெயிச்சுட்டோம்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். "அட, என்ன அழகா தமிழ் பேசறா!" என்றாள் ஒரு அம்மாள். பிறந்ததிலிருந்து நான் கெஞ்சியும் மிரட்டியும் ஒரு முழு வாக்கியம் வாங்க முடியாத பெண். என் பொய்யைக் காப்பாற்றுவதற்காகத் தமிழைத் தேடி எடுத்திருக்கிறாள். காரில் வரும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. என் பக்கம் திரும்பி, சரியா என்பதுபோல் லேசாகச் சிரித்தாள்.

"அவ டென்னிஸ் ஆடறதில்லைங்க," என்றேன்.

"என்ன செந்தில்?"

"டென்னிஸ் ஆடினதே இல்ல. நான்தான் பொய் சொன்னேன். ஸ்கூல் டீம்ல துப்பாக்கி சுடறா. களிமண் தட்டு. நல்லாச் சுடுவா. அன்னிக்கு நாங்க கடைக்கு வந்தது தோட்டா வாங்கத்தான்."

கவிதா தட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். ரமேஷ்தான் முதலில் பேசினார். "துப்பாக்கின்னா... வீட்லயா வெச்சிருக்கீங்க?"

"இரும்பு அலமாரியில. பூட்டி. சாவி என்கிட்ட."

வித்யாவின் முகம் மாறிவிட்டது. "அர்ஜுன் வாரத்துல ரெண்டு நாள் உங்க வீட்டுக்குத்தான் கணக்குப் படிக்க வர்றான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே செந்தில்? எவனாவது துப்பாக்கியோட வந்தா என்ன பண்ணணும்னு ஸ்கூல்ல டிரில் வெச்சா அவன் அன்னிக்கு ராத்திரி தூங்கறதில்லை. விளக்கை அணைச்சுட்டு மேஜைக்கு அடியில ஒளியச் சொல்றாங்க. உங்களுக்கு அது தெரியாதா?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. எந்த அம்மாவும் கேட்பாள். தாரிணிதான் சொன்னாள், இந்தத் தடவை ஆங்கிலத்தில்: "எனக்குத் தெரியும் ஆன்ட்டி. நானும் அவன் பக்கத்து மேஜைக்கு அடியிலதான் ஒளியறேன்."

வித்யா உள்ளே போய்த் தாம்பூலத்தை எடுத்துவந்து கவிதாவிடம் கொடுத்தாள். முறைப்படி எல்லாம் செய்தாள். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அர்ஜுன் கணக்குப் படிக்க வருவதில்லை. ரமேஷ் போன் பண்ணி, கோபமில்லை, பையனுக்காகத்தான் என்றார். புரிகிறது என்றேன்.

கொலுவிலிருந்து திரும்பும்போதே காரில் தாரிணி கேட்டாள்: "எதுக்குப்பா சொன்னீங்க? நான் சமாளிச்சுக்கிட்டுதானே இருந்தேன்."

6

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னேன். தமிழ்ப் பள்ளிக்காரர்களிடம் சொல்லியாயிற்று, இனி ஊருக்கும் சொல்லிவிடலாம் என்று.

"அக்கா, தாரிணி டென்னிஸ் விளையாடல."

"பின்ன?"

"துப்பாக்கி சுடறா. மண்ணுல செஞ்ச தட்டு பறக்கும், அதைச் சுடணும்."

அந்தப் பக்கம் அக்கா டிவியை அணைப்பது கேட்டது.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"ரெண்டு வருஷமா எங்கிட்ட டென்னிஸ்னு சொல்லியிருக்க."

"நீ பயந்துக்குவேன்னுதான்க்கா..."

"நானாடா?"

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அக்கா காலேஜில் என்.சி.சி.யில் இருந்தாள். ரைஃபிள் சுடுவதில் அவள் கேம்ப்புக்கே முதலாவது. தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தில் ரைஃபிளைச் சாய்த்துக் குறி பார்க்கிற போட்டோ ஒன்றை அவளே ஃபிரேம் போட்டு முன் அறையில் மாட்டியிருந்தாள். அந்தத் துப்பாக்கியையும் நான் தினமும் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறேன், நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. பல்லடத்திலிருந்து பெண் பார்க்க வந்தபோது அப்பா அதைக் கழற்றிவிட்டுக் காலண்டரை மாட்டினார். பொண்ணு காலேஜில் என்ன பண்ணும் என்று வந்தவர்கள் கேட்டார்கள். கோலப் போட்டியில் பரிசு வாங்கும் என்றாள் அம்மா. அக்கா காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். நான் மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"கோலப் போட்டின்னு சொன்னாங்க," என்றாள் அக்கா. "எனக்குக் கோலமே வராது. கல்யாணமாகிப் போய் மார்கழி மாசம் பூரா மாமியார்கிட்ட மானம் போச்சு. அந்தப் போட்டோ எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் எங்கிட்டச் சொல்லல. ஊருக்கெல்லாம் டென்னிஸ்னு சொன்ன, சொல்லிட்டுப் போ. எங்கிட்டயுமாடா?"

"அக்கா..."

"போனை அவகிட்டக் குடு."

கொடுத்தேன். தாரிணி வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் பேசினார்கள். அவளுடைய உடைந்த தமிழும், இடையிடையே இருவரும் சிரிப்பதும் கேட்டன. என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் என்னிடம் சொல்லவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இருப்பதாகத் தோன்றாததால் நானும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா நேராக அவளுக்கே போன் பண்ணிவிடுகிறாள்.

போன சனிக்கிழமை தோட்டாக்களைத் தாரிணியே போய்ப் பார்த்து எடுத்தாள். நான் பின்னால் நின்று வாங்கிக் கொடுத்தேன். ரேஞ்சில் காரை நிறுத்திவிட்டு மடக்கு நாற்காலியை எடுக்கப் போனேன்.

"இன்னைக்கு வேண்டாம்ப்பா. நீங்க இங்கேயே இருங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. துப்பாக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கார் ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மரங்கள் மறைத்திருந்ததால் அங்கிருந்து ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும் வரும். யார் சுடுவது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பையன்களின் குரல் ஒவ்வொன்றாகக் கேட்டது. பிறகு அவள் குரல்.

"புல்!"

ஒரு சத்தம் வந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். உடனே இரண்டாவதும் வந்தது.